புனேயின் மறைந்த மாளிகைகள்

1828ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 27ந் தேதி, புனே நகரத்தின் நடுவே உயர்ந்து நின்ற சனிவார் வாடா என்னும், மராத்திய அரசின் பிரதம மந்திரிகளான பேஷ்வாக்களின் அரண்மனையில் தீப்பற்றி, ஏழு நாட்கள் எரிந்து, தேக்கு மரத்தில் இழைத்திருந்த மாடங்களையும் மண்டபங்களையும் சாம்பலாக்கிவிட்டது. அதற்குப் பதினொரு ஆண்டுகள் கழித்து, 1839இல், தாகேர் என்பவர் கண்ட புகைப்படக் கலை பாரிஸ் நகரத்தில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. தில்லி முதல் தஞ்சை வரையில் பேர் சொன்னவுடனே மன்னர்களும் மந்திரிகளும் காதுகொடுத்துக் கேட்கும்படியாக எண்பத்தைந்து ஆண்டுக்காலம் அதிகாரம் செலுத்திய ஓர் அரண்மனையின் உருவத்தை, இந்தப் பதினொரு ஆண்டு இடைவெளி நம் கண்களுக்கு எட்டாமல் செய்துவிட்டது. புனேயின் பழைய புகைப்படங்களைச் சேர்த்துப் பார்ப்பவர்கள், அந்நகரத்தின் தலைசிறந்த கட்டடம் முழு உருவில் அவற்றில் ஒன்றிலேனும் இல்லை என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொண்டே மேலே செல்ல வேண்டும்.

முதலாம் பாஜிராவ் பேஷ்வா 1730 ஜனவரி 10ந் தேதி சனிக்கிழமையன்று அஸ்திவாரம் இட்டு, 1732 ஜனவரி 22ந் தேதி கிருகப்பிரவேசம் செய்த அந்த மாளிகைக்கு அப்போது ஆன செலவு 16,110 ரூபாய் என்று கூறுவர். பின்வந்த பேஷ்வாக்கள் தத்தம் செல்வத்துக்கும் ருசிக்கும் ஏற்பப் புதிய மகால்களையும் நீரூற்றுகளையும் சேர்த்துக்கொண்டே போனார்கள். வடக்கு நோக்கிய தில்லி தர்வாஜா முதலாக ஐந்து வாயில்களும், கொத்தளங்களோடு கூடிய மதிலும் அதற்குக் கோட்டையின் தோற்றத்தைக் கொடுத்தன. 1773இல் இளைஞரான நாராயணராவ் பேஷ்வா கொலையுண்டதும், 1795இல் சவாய் மாதவராவ் மாடத்திலிருந்து விழுந்து உயிர் துறந்ததும், 1817 நவம்பர் 17ந் தேதி ஆங்கிலேயரின் கொடி ஏறியதும் இவ்விடத்திலேதான். தீக்கு இரையாகாமல் எஞ்சியவை மதிலும் வாயில்களும் கல் அஸ்திவாரங்களுமே. அவற்றுள்ளும் பல, பிற்காலத்தில் எழுந்த கச்சேரிக் கட்டடங்களின் அடியில் புதைந்து கிடந்து, 1919இல் அந்த ஸ்தலம் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்ட பிறகு, 1923இல் நடந்த அகழ்வில்தான் மறுபடியும் வெளிச்சத்தைக் கண்டன.

அந்த அரண்மனையின் உள்ளே ஒருமுறையேனும் நாம் எட்டிப் பார்க்கக் கூடுமானால், அது ஓவியர்களின் உபகாரத்தாலேயே கூடும். புனே தர்பாரில் ஆங்கிலேயரின் பிரதிநிதியாக இருந்த சார்லஸ் மாலெட்டின் ஆதரவில் ஜேம்ஸ் வேல்ஸ் என்ற ஸ்காட்லாந்து ஓவியர் 1790களில் அங்கே வந்து வேலை செய்தார். அவரோடு பழகிய கங்காராம் தாம்பட் என்ற புனே ஓவியரும் பல அரிய சித்திரங்களை எழுதினார். 1790இல் மாலெட் பேஷ்வாவோடு உடன்படிக்கை செய்துகொண்ட தர்பார்க் காட்சியைப் பெரிய படமாக எழுத வேண்டும் என்ற உத்தேசத்தோடு வேல்ஸ் மாதிரிச் சித்திரங்கள் தயாரித்து வைத்தார். ஆனால் 1795இல் அவர் காலமாகிவிடவே, அவற்றைக் கொண்டு தாமஸ் டேனியல் என்பவர் 1805இல் அந்தப் படத்தை முடித்தார். கணபதி ரங்க மகாலின் ஒடுங்கி உயர்ந்த தூண்களும், வளைவுகளும், பின்சுவரில் அமர்ந்த விநாயகரின் பெரிய திருவுருவமும், வெள்ளை விரிப்பின்மேல் வரிசை வரிசையாக வீற்றிருக்கும் சர்தார்களும் அதில் காட்சி அளிக்கிறார்கள். எனினும் அது ஓவியம். யாரை முன்னே நிறுத்துவது, எந்தத் தூணை விலக்குவது என்பதை எழுதுகிறவருடைய கை தீர்மானித்தது. அதை அழகென்று போற்றலாம், ஆதாரமாகவும் ஓரளவு கொள்ளலாம். ஆயினும் ஒரு தூணின் அளவைக்கூட அதிலிருந்து நிச்சயித்துச் சொல்லிவிட முடியாது.

படப்பெட்டி மேற்கு இந்தியாவில் வேர்கொண்டது பம்பாயில். அங்கே 1854இல் புகைப்படச் சங்கம் ஒன்று தோன்றியது. 1856 முதல் 1858 வரையில் ஜான்ஸன், ஹெண்டர்ஸன் என்ற இருவர் மாதந்தோறும் புகைப்படங்கள் அடங்கிய வெளியீடு ஒன்றை நடத்தினார்கள். 1858இல் கண்டாலாவிலிருந்து புனே வரையில் ரயில் ஓடத் தொடங்கி, 1863இல் போர் கணவாய்ப் பாதையும் முடிந்தபோது, கண்ணாடித் தகடுகளையும் ரசாயன புட்டிகளையும் சுமந்துகொண்டு தக்காணத்துக்கு ஏறி வருவது எளிதாயிற்று. அக்காலத்து முறைப்படி, தகட்டில் மருந்தைப் பூசி, அது ஈரம் உலர்வதற்குள் படம் பிடித்து, உடனே பக்கத்திலுள்ள கூடாரத்தின் இருட்டில் அதைக் கழுவியாக வேண்டும். ஒளி பதிவதற்கு நேரம் பிடிக்கும். ஆகையால் அசையாத கல் தெளிவாகப் பதிந்தது, நடமாடிய மனிதரோ புகைபோல் மங்கினர், அல்லது முற்றிலும் மறைந்தனர். அந்நாளைய படங்களில் தெருக்கள் வெறிச்சோடிக் கிடப்பதைக் கண்டு, நகரமே ஜனசஞ்சாரம் அற்றுப் போயிருந்தது என்று எண்ணுவது பிழை. அங்கே ஜனங்கள் இருந்தார்கள்; அவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள் என்பதே விஷயம்.

இவ்வாறு வந்தவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியர். அவர்கள் தேடியவை பர்வதி மலைக் கோயில், ஆற்றின் அணைக்கட்டு, சங்கமம், பாலங்கள், ராணுவ முகாமின் மாதாகோயில்கள் போன்றவை. சனிவார் வாடாவின் தில்லி தர்வாஜா அவர்களுக்குப் பிடித்தமானது. பாழடைந்த கோட்டை வாயில் என்றால் அந்தக் காலத்து ரசனைக்குத் தனி இன்பம். அப்படங்களில் ஒன்றில் வாயிலின் எதிரே காய்கறிக் கடைகள் பரந்திருக்குமானால், அது 1886க்கு முற்பட்டது என்று கொள்ளலாம். ஏனெனில் அதுவரையில் நகரத்துச் சந்தை அந்த மைதானத்திலேதான் கூடியது. அதன் பிறகு, இன்று மகாத்மா புலே மண்டை என்று வழங்கும் ரே மார்க்கெட்டுக்கு அது மாறிவிட்டது. அரண்மனைக்கு அருகே முட்டா நதியைக் காட்டும் படத்தில் கல் வளைவுகளோடு கூடிய புதுப்பாலம் இல்லையானால், அது 1924க்கு முந்தியது. பழைய புகைப்படத்தைப் பார்ப்பது வேறு, படிப்பது வேறு. கல்வெட்டின் எழுத்தைப் படிப்பதற்கு எவ்வளவு பொறுமை வேண்டுமோ அவ்வளவும் இதற்கும் வேண்டும்.

பேஷ்வாக்களின் மற்ற மாளிகைகளுக்கும் அக்கினியே யமனாக வாய்த்தது. இரண்டாம் பாஜிராவ் கட்டிய சுக்ரவார் வாடா 1820இல் எரிந்தது. ஆகவே அதுவும் புகைப்படத்துக்கு எட்டாதது. அவரே கட்டிய புதவார் வாடா, ஆங்கிலேயர் ஆட்சியில் அரசாங்க அலுவலகங்கள் பல குடியேறிய இடமாகி, ரயிலையும் தந்தியையும் படப்பெட்டியையும் கண்டு, 1879 மே 13ந் தேதி இரவு யாரோ வைத்த தீயில் அழிந்தது. வாசுதேவ பலவந்த பட்கே ஆங்கிலேயருக்கு எதிராகக் கலகம் நடத்திக்கொண்டிருந்த காலமாதலால், இந்தத் தீ நகரத்தையும் அதிகாரிகளையும் ஒருங்கே கலங்க வைத்தது. அதே இரவில் விசிராம்பாக் வாடாவிலும் தீ வைத்தார்கள். 1807இல் இரண்டு லட்சம் ரூபாய்ச் செலவில் எழுந்து, 1821 முதல் சம்ஸ்கிருத பாடசாலைக்கு இடமளித்த அந்த மாளிகை மிகுந்த சேதமடைந்தும், பொதுமக்களின் பண உதவியோடு திருத்தப்பட்டு, நல்வினையால் இன்றும் நிற்கிறது. தெருவை நோக்கிய அதன் மரச் சித்திர வேலைப்பாட்டைக் காண்பவர்கள், அதைப் பன்மடங்கு பெருக்கிக் கற்பனை செய்தால், சனிவார் வாடா எப்படி இருந்திருக்கும் என்பதை ஒருவாறு ஊகிக்கலாம்.

ஆனால் புனே நகரம் அரண்மனைகளால் மட்டும் ஆனதன்று. வாரத்தின் நாட்களைப் பெயராகக் கொண்ட பேட்டைகளில், சர்தார்களும் சாவுகார்களும் சாஸ்திரிகளும் கட்டி வாழ்ந்த வாடாக்கள் என்னும் பெரிய வீடுகளே அதன் உடல். கருங்கல் அடித்தளத்தின்மேல் தேக்குச் சட்டம் எழுப்பி, இடையில் மெல்லிய செங்கல்லை நிரப்பி, சுண்ணாம்பு பூசிய வீடுகள் அவை. பெரிய கதவிலே ஆள் குனிந்து நுழையும் திட்டிவாசல். அதைக் கடந்தால் சௌக் என்னும் முற்றம். முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம். அதன் தூண்கள் சுரு என்னும் சைப்ரஸ் மரத்தின் வடிவில் அடியில் அகன்று நுனியில் ஒடுங்கிச் செதுக்கப்பட்டவை. விருந்தினரை வரவேற்க மாடியில் திவான்கானா, பெண்டிர் புழங்க மாஜ்கர், பூஜைக்குத் தேவ்கர், செல்வர் வீடானால் முற்றத்துக்குப் பின்னே மற்றொரு முற்றம். நம் நாட்டு நான்குகட்டு வீடுகளில் வளர்ந்தவர்கள் ஒரு வாடாவினுள் நுழைந்தால், வழி கேட்காமலே சமையற்கட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வெளியூரிலிருந்து வந்த படக்காரர்கள் இவ்வீடுகளைப் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. சந்து குறுகலானது, எட்ட நின்று வீட்டின் முழு முகப்பையும் படத்தில் அடக்குவதற்கு வழியில்லை, உள்ளே நுழைவதற்கோ அந்நியருக்கு அனுமதியில்லை. வாடாக்களின் அந்தரங்கம் படத்தில் ஏறியது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நம்மவர்களே புகைப்பட நிலையங்கள் வைத்துத் தொழில் நடத்தத் தொடங்கி, கலியாணத்துக்கும் உபநயனத்துக்கும் வீட்டுக்கே வந்து படம் எடுத்த பிறகுதான். முன்வரிசையில் தலைப்பாகை அணிந்த பெரியவர்கள் நாற்காலியில் அமர்ந்திருக்க, பின்னே ஒன்பது கஜச் சேலையணிந்த பெண்கள் நிற்க, தரையில் குழந்தைகள் கண்களை அகல விரித்து உட்கார்ந்திருக்கும் அத்தகைய குடும்பப் படங்களில், எவரும் கவனிக்க வேண்டுமென்று எண்ணாத ஒன்று தெளிவாகப் பதிந்திருக்கிறது: அவர்களுக்குப் பின்னே நிற்கும் தூணும், அதன் தலைப்பிலுள்ள தாமரைச் செதுக்கலும், மாடியின் மரக் கிராதியும். குடும்பத்தார் தங்கள் முன்னோருக்காகப் போற்றி வைத்த படம், சரித்திர ஆராய்ச்சி செய்பவருக்கு இடிந்துபோன ஒரு வீட்டின் ஒரே சாட்சியாகிவிடுகிறது.

நெருப்பு அரண்மனைகளைக் கொண்டது. வாடாக்களைக் கொண்டுபோக நீர் வந்தது. 1961ஆம் ஆண்டு ஜூலை மாதம் 12ந் தேதி காலையில், நகரத்துக்கு மேற்கே வேலை முற்றுப்பெறாமல் இருந்த பான்ஷேத் மண்ணணை, மழைநீரின் பாரத்தைத் தாங்காமல் உடைந்தது. அந்த வெள்ளம் கீழேயிருந்த பழைய கடக்வாஸ்லா அணையையும் உடைத்துக்கொண்டு புனேக்குள் பாய்ந்தது. ஆற்றோரத்துப் பேட்டைகள் மூழ்கின. நாராயண பேட்டையிலும் சனிவார் பேட்டையிலும் நூறு, நூற்றைம்பது ஆண்டு நின்ற வாடாக்களின் செங்கல்லும் மண்சாந்தும் நீரில் ஊறிக் கரைய, தேக்குச் சட்டங்கள் துணையின்றிச் சரிந்தன. கடக்வாஸ்லாவே நகரத்தின் குடிநீருக்கும் ஆதாரமாதலால், வெள்ளம் வடிந்தவுடன் குடிக்கத் தண்ணீர் இல்லாத விபரீதமும் சேர்ந்துகொண்டது. அடுத்த நாட்களில் எடுத்த படங்களில் நாம் காண்பது, பெயர்ந்து நிற்கும் சுவர்களும், சேற்றில் புதைந்த பாத்திரபண்டங்களும், தன் வீடு எந்த இடத்தில் இருந்தது என்று தேடுகிற ஜனங்களுமே. அந்த வீடுகளில் எத்தனையோ, நல்ல நிலையில் இருந்த காலத்தில் ஒரு படமும் பெறாமல், இடிந்த பிறகே முதன்முதலாகப் படம் பெற்றன என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

தீயையும் வெள்ளத்தையும் விதியென்று சொல்லி ஆறுதல் கொள்ளலாம். மூன்றாவது காரணத்துக்கு அந்த ஆறுதலும் இல்லை. 1947ஆம் ஆண்டு பம்பாய் வாடகைச் சட்டம், 1940 செப்டம்பரில் இருந்த வாடகையையே நியாய வாடகையாக வரையறுத்தது. யுத்தத்துக்குப் பிந்திய நெருக்கடியில் ஏழைக் குடித்தனக்காரரைக் காப்பாற்றிய சட்டம் அது. அதன் நல்லெண்ணத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் விலைவாசி ஏறிக்கொண்டே போக, வாடகை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. கிடைத்த வாடகையில் கூரையின் ஒரு பக்கத்தைக்கூடச் செப்பனிட முடியாத சொந்தக்காரர் கைவிட்டார். குடியிருந்தவரோ தமக்குச் சொந்தமல்லாத வீட்டுக்குச் செலவழிக்க மாட்டார். இவ்விதமாக இருவருக்கும் பொதுவாகப் போன வீடு ஒவ்வொரு மழைக்காலத்திலும் சிறிது சிறிதாகச் சிதிலமடைந்தது. பின்னர் மனையின் விலை வீட்டின் விலையைப் பன்மடங்கு மீறியபோது, அடுக்குமாடி கட்டுபவர் வந்தார், இருவரும் இசைந்தனர், தூண்கள் பழைய மரக்கடைக்குப் போயின. சாலையை அகலமாக்குவதற்காகவும் வண்டிகளை நிறுத்துவதற்காகவும் போனவை வேறு. 1915இல் மண்டைக்கு அருகில் திறந்து, புனேயின் முதல் சினிமாக் கொட்டகை என்று பெயர் பெற்ற ஆர்யன், 1980களில் இடிபட்டு, வண்டி நிறுத்தும் இடமாயிற்று.

இந்த வரிசையில் மனத்தை மிகவும் வருத்துவது பிடே வாடா. 1848இல் ஜோதிராவ் புலேயும் சாவித்ரிபாய் புலேயும் பெண்குழந்தைகளுக்கென்று பள்ளிக்கூடம் தொடங்கிய வீடு அது. இந்த நாட்டின் சமூக சரித்திரத்தில் பல அரண்மனைகளைவிட உயர்ந்த ஸ்தானம் உடையது. கடைகளின் பெயர்ப்பலகைகளால் மூடுண்டு, கூரை சரிந்து, முட்டுக்கொடுத்து நின்ற அந்த வீடு, அதைத் தேசிய நினைவிடமாக்க வேண்டும் என்ற வழக்கு நெடுங்காலம் நடந்து உச்ச நீதிமன்றத்தில் முடிந்த பிறகு, 2023 டிசம்பரில் நகராட்சியாரால் இடிக்கப்பட்டது. நினைவிடம் எழுவது நல்லதுதான். ஆனால் சாவித்ரிபாய் ஏறி இறங்கிய படிகள் போய்விட்டன. எந்த அறையில் எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்தது, முற்றம் எத்தனை அடி என்பனவற்றை இனிப் படங்களைக் கொண்டுதான் ஆராய வேண்டும். நினைவைப் போற்றுவதாகக் கூறும் ஒரு சமூகம், அந்த நினைவின் உடலை இவ்வளவு காலம் நலியவிட்டது என்பதற்கும் அதே படங்களே சாட்சி.

தமிழர்களாகிய நமக்கு இவ்விஷயம் தூரத்தில் உள்ளதன்று. புனேயைத் தம் ஜாகீராகப் பெற்றிருந்த ஷாஹாஜியின் ஒரு புதல்வர் சிவாஜி. மற்றொரு புதல்வரான ஏகோஜியே தஞ்சையில் மராத்திய அரசை நிறுவியவர். இரண்டாம் சரபோஜி மன்னர் 1803இல் பெரிய கோயிலில் பொறித்து வைத்த நீண்ட மராத்திச் சாசனம் அந்தக் குலத்தின் கதையைக் கூறுகிறது. அதே கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை, சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக 1856இல் நியமனம் பெற்ற லினேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி, 1858இல் இருபத்தொரு படங்களாக எடுத்து, ஏறக்குறைய பத்தொன்பது அடி நீளத்துக்கு ஒட்டிச் சேர்த்தார். அந்தப் பயணத்தில் அவர் எடுத்த மதுரைத் திருமலை நாயக்கர் மகாலின் படங்களில், மாளிகை சிதைந்து கிடக்கும் காட்சியைக் காணலாம். ஆயினும் பின்னர் நேப்பியர் பிரபு கவர்னராக இருந்தபோது அது செப்பனிடப்பட்டது. ஆகவே இன்று அந்தப் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு தூண்களுக்கு நடுவே நின்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு படத்துக்கு வாய்க்கக்கூடிய பெரும் பாக்கியம் இதுவே. 1985இல் எரிந்த சென்னை மூர் மார்க்கெட்டின் படங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

ஆதாரம் இல்லாதபோது என்ன நேர்கிறது என்பதற்குப் புனேயின் லால் மகாலே உதாரணம். ஷாஹாஜியின் குடும்பத்துக்காக எழுந்து, தாய் ஜீஜாபாயும் இளம் சிவாஜியும் வாழ்ந்து, 1663இல் மொகலாயத் தளபதி ஷாயிஸ்தா கான் தங்கியிருந்தபோது சிவாஜி இரவில் புகுந்து தாக்கிய மாளிகை அது. அது அழிந்து நெடுங்காலமாகிவிட்டது. 1980களில் நகராட்சியார் கட்டிய இப்போதைய லால் மகால், பக்தியால் எழுந்த ஒரு ஞாபகச் சின்னம் என்ற அளவில் வணக்கத்துக்குரியது. பழைய மாளிகையின் உருவம் என்று அதைக் கொள்வதற்கில்லை. பக்தி எவ்வளவு ஆழமானதாயினும் அது அளவுகளைக் கொடுக்காது.

படம் இருந்துவிட்டால் மட்டும் போதும் என்றும் சொல்வதற்கில்லை. பெயரில்லாத படம் பேசாது. தவறான பெயர் எழுதிய படமோ பொய் பேசும். ஒரு வாடாவின் பெயரை மற்றொன்றுக்கு இட்ட அஞ்சலட்டைகளும், கண்ணாடித் தகட்டைத் திருப்பி வைத்து அச்சிட்டதால் இடம் வலமாக மாறிய காட்சிகளும், வர்ணம் பூசியதால் கருங்கல் சிவந்துபோன வாயில்களும் உண்டு. தத்தாத்ரேய பல்வந்த் பாரஸ்னிஸ் 1921இல் பழைய புனேயைப் பற்றி எழுதிய நூலில் சித்திரங்களையும் வரலாற்றையும் அருகருகே வைத்தாரே, அந்த முறையே சரியான முறை. படத்தை ஆவணத்தோடு வைத்து, ஆவணத்தை ஸ்தலத்தோடு வைத்து, மூன்றும் ஒத்துவந்தால் மட்டுமே துணிந்து சொல்ல வேண்டும்.

ஆகையால், மறைந்த மாளிகைகளின் படங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு நாம் திருப்தி அடைந்துவிடக் கூடாது. வீட்டிலுள்ள பழைய படம் ஒவ்வொன்றின் பின்புறத்திலும் பென்சிலால் இன்னார் வீடு, இன்ன தெரு, இன்ன வருஷம் என்று, சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே எழுதி வைப்பது குடும்பத்தாரின் கடமை. இடிப்பதற்கு அனுமதி கொடுக்கும் நகராட்சி, அதற்கு முன்னே முகப்பையும் முற்றத்தையும் தூண்களையும் மாடிப்படியையும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்துப் பொதுநூலகத்தில் சேர்க்க வேண்டும் என்பதை விதியாக்குவது ஆட்சியாளரின் கடமை. இரண்டுக்கும் மேலான கடமை, இன்னும் நிற்கும் வீடுகளை நிற்கச் செய்வது. சனிவார் வாடாவை இழந்த தலைமுறைக்குப் படப்பெட்டி இல்லை என்ற சமாதானம் இருந்தது. ஆளுக்கொரு படப்பெட்டியைச் சட்டைப்பையில் வைத்திருக்கும் நமக்கு அந்தச் சமாதானமும் இல்லை.